கம்பளம் விரித்த வண்டி

"ஜீப்பு எங்க?"

ஆரணியில் தங்கையின் ஆபரேஷனுக்குத் துணையிருந்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கிய ரமீஸா, தோளில் தொங்கிய பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். பழவேற்காட்டுக்கு அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூவரச மரத்தடியில் நின்ற ஜீப்பைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு பெரிய வண்டி நின்றது. முகப்பில் காய்ந்துபோன மல்லிகைச் சரம். சீட்டுகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

கொழுந்தன் தமீம் அன்சாரி மஞ்சள் துணியால் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்தாமல் பதில் சொன்னான்.

"வாங்க மச்சி. ஆஸ்பத்திரில எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ஜீப்பு எங்கன்னு கேட்டேன்."

"அது போய்ச் சேர்ந்துடுச்சு. கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற கம்பெனிக்குள்ள போச்சு. இந்நேரம் கம்பியா வந்து எவன் ஊட்டுக் கூரைலயாவது படுத்துனு இருக்கும்."

ரமீஸா வாசற்படியைப் பார்த்தாள். அவள் புருஷன் அப்துல் கனி டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"நீங்க இங்கதான இருந்தீங்க?"

"பெயின்ட் அடிக்க எடுத்துனு போறேன்னுதான் சொன்னான் ரமீஸா. நானே கயிறு கட்டி, படுதாவ மடிச்சி வச்சி அனுப்பினேன். திரும்பி வரும்போது இத்தயில்ல ஓட்டினு வரான்."

"எங்க வாப்பா குடுத்த வண்டிய விக்க நீ யாருடா?"

இப்போதுதான் தமீம் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆர்.சி. புக்குல யாரு பேரு கீது? என் பேரு. அன்னிக்கு இந்த ஊட்ல லைசென்சு வச்சிருந்தவன் நான் ஒருத்தன்தான், ஒங்க வாப்பாதான் என் பேர்ல எழுதச் சொன்னாரு. இன்னா தப்பு? அது வண்டியா? தரையெல்லாம் உப்புத் தண்ணி தின்னு போச்சு. உக்காந்தா காலுக்குக் கீழ ரோடு தெரியுது. கதவு இல்ல, கண்ணாடி இல்ல. மழை வந்தா வெளிய இருக்குறவன் நனையறதுக்கு முன்ன உள்ள இருக்குறவன் நனையறான். எம் புள்ளைங்கள ஸ்கூல்ல இன்னான்னு கூப்புட்றாங்க தெரியுமா? நண்டு வண்டிப் புள்ளைங்க."

"நண்டு வித்த டப்புலதான் அதுங்களுக்கு ஸ்கூலு."

"அத்தயும் சொல்லிக் காட்டிட்டியா? சொல்லு, சொல்லு."

அண்ணன் மனைவியைக் கூப்பிடும் மச்சி என்ற மரியாதை அந்த இடத்தோடு கழன்று விழுந்தது. ரமீஸா அதைக் கவனித்துக்கொண்டாள்.

சண்டையை மாற்ற நினைத்தாளோ, பெருமையை அடக்க முடியவில்லையோ, தமீமின் மனைவி ஹஸ்னா ஓடிவந்து முன்கதவைத் திறந்தாள். "லாத்தா, இங்க பாருங்களேன். கண்ணாடி பட்டன்லயே எறங்குது. கதவு சரியா மூடலன்னா ஒரு பொம்பள பேசுறா."

பேசினாள். டோர் இஸ் ஓப்பன் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. காசு வாங்கிக்கொண்டு கரிசனம் காட்டும் குரல்.

ரமீஸா தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம். பக்கவாட்டில் நீளப் பலகையாக, எத்தனை பேர் வந்தாலும் இடுக்கி உட்கார்ந்துகொள்ளும் பழைய பெஞ்சுகளைக் காணோம். ஆளுக்கொரு நாற்காலி, ஒன்று இன்னொன்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

"குட்டி கியர் எங்க?"

"எது?" என்றான் தமீம்.

"மணல்ல போட்றது. நாலு சக்கரமும் ஒண்ணா இழுக்குமே, அந்த கியர்."

"இதுல அது இல்ல. அது வேற மாடல்."

"அப்ப இம்மாம் பெரிய சக்கரம் எதுக்கு?"

"பார்வைக்கு!" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக இன்னும் கோபப்பட்டான். "கேட்டுக்க. இத்த கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு கம்பெனிக்கு மாச வாடகைக்கு விடப் போறேன். எட்வர்ட்டுனு ஒருத்தரு, அங்க வண்டியெல்லாம் பாத்துக்குறவரு, வாய் வார்த்த குடுத்துட்டாரு. பெரிய ஆபீசருங்க ஏர்ற வண்டி. நண்டு, எறா, மீனு எதுவும் இதுகிட்ட வரக்கூடாது. ஏறணும்னா செருப்பக் கழட்டிட்டு ஏறணும்."

"நீ ஊட்டுக்குள்ளயே செருப்போட வர ஆளு."

"இது ஊடு இல்ல. வண்டி."

ரமீஸா உள்ளே போனாள். அன்று அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

அவளுக்கு வண்டி போனதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஏரியில் நண்டுக் காலம் தொடங்கிவிட்டது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பத்துப் பெண்கள் உயிர் நண்டைப் பிடித்து, கொடுக்கை நூலால் கட்டி வைத்திருப்பார்கள். ரமீஸாவும் அப்துல் கனியும் ஜீப்பை மணலுக்குள்ளேயே விட்டு, குடிசை வாசலில் ஏற்றி, கவரைப்பேட்டையில் ஏற்றுமதிக்காரர் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவார்கள். செத்த நண்டுக்கு அங்கே மதிப்பு இல்லை. வெயிலில் காத்துக் கிடந்தால் நண்டு சாகும். மணலுக்குள் போய்வர வண்டி இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. அந்த வியாபாரம் இல்லாவிட்டால், அந்த வீட்டில் அவள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியவள்.

மறுநாள் ஒரு மினி வேனைப் பேசிக்கொண்டு போனாள். மணல் தொடங்கிய இடத்திலேயே பின்சக்கரம் புதைந்தது. குப்பத்துக் கங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா பாயம்மா, ஒன் ஜீப்புக்கு இன்னா பேதியா?"

"வித்துட்டான் கங்கம்மா. கொழுந்தன்."

"ஒன்ன கேக்காமயா?"

"கேட்டா குடுத்திருப்பனா?"

"சரி, அது ஒங்க ஊட்டு பேஜாரு. எனுக்கு எங்க நண்டுதான் முக்கியம். ஆந்திராப் பக்கம் தடாலேர்ந்து ஒருத்தன் வரான், பழைய ஜீப்பு வச்சினு கீறான். நைனா, அம்மான்னு தேனா பேசறான். வாசலுக்கே வந்து ஏத்திக்கிறேன்றான்."

"இத்தினி வருசமா யாரு ஏத்தினா?"

"நீதான். யாரு இல்லன்னா? நண்டுக்கு அது தெரியுமா? நாளைக்குக் காலைல நீ வா. வரலன்னா அவன் வருவான். அப்புறம் என் மேல வருத்தப்படாத."

வீட்டுக்கு வந்தவள் சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள். "நாளைக்கு அந்த வண்டிய எடுங்க."

அப்துல் கனியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அவன் கொன்னே போடுவான்."

"காலைல அவன் பைக்ல சிப்காட் போறான், ஹஸ்னா சொன்னா. அவன் வரதுக்குள்ள நாம வந்துடலாம்."

"அது ஒண்ணும் ஜீப்பு இல்ல ரமீஸா. ஸ்டேரிங்க தொட்டா திரும்புது. எனக்கே பயமா கீது."

"ஜீப்ப விட்டுக் குடுத்தது நீங்க. கூடவே வியாபாரத்தயும் விட்டுக் குடுக்கப் போறீங்களா?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது அந்த வீட்டுக் கணக்கு.

தமீமின் பைக் சத்தம் தேய்ந்ததும் கிளம்பினார்கள். கம்பளத்தின் மேல் கோணியை இரண்டு மடிப்பாக விரித்தாள் ரமீஸா. மணலில் அந்தப் பெரிய சக்கரங்கள் இரண்டு சுற்றின. மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன. குப்பத்துப் பெண்கள் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி, பாதி வழியில் திட்டித் திட்டி, எப்படியோ வாசல்வரை கொண்டுவந்தார்கள்.

"இத்தப் போயி டப்பு குடுத்து வாங்கினானா ஒன் கொழுந்தன்?" என்றாள் கங்கம்மா. "மாப்ள மாதிரி இருக்குது. தள்ளித் தள்ளித்தான் எழுப்பணும் போல."

பெட்டிகளை ஏற்றும்போது ஒன்றின் மூலை இடித்து, பின்பக்கச் சுவரில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடி தெறித்து விழுந்தது. உள்ளே ஜாக்கி வைக்கிற பொந்து. எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை.

கவரைப்பேட்டைக்கு நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தது. ரமீஸா எடை பார்க்கப் போகுமுன், வண்டிக்குள் தரையில் கிடந்த மூடியை எடுத்து இருந்த இடத்தில் அழுத்தி மாட்டினாள். கொட்டகைக்காரன் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நண்டு நூல அவுத்துனு ஓடியிருக்குது பாயம்மா, பெட்டில வெறும் நூலு கீது பாரு," என்றான். வழியில் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். பழைய ஜீப்பில் அப்படித்தான். தப்பின நண்டு வெறும் இரும்புத் தரையில் கடகடவென்று ஓடும். ஒன்று காலில் மாட்டும், இல்லை ஓட்டை வழியாக ரோட்டில் விழும்.

திரும்பி வந்தபோது அப்துல் கனி கொட்டகைக்குப் பின்னால் கையில் ஹோஸ் பைப்போடு நின்றார். வண்டியின் எல்லாக் கதவும் திறந்திருந்தன. உள்ளே தண்ணீர் முழங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பண்றீங்க?"

"கழுவறேன். உப்புத் தண்ணி ஒழுகியிருந்துச்சி. அவனுக்குத் தெரிஞ்சா..." என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "ரமீஸா, இதுல தண்ணி போற பிளக்கு எங்க?"

தினமும் நண்டு இறக்கியதும் இந்த இடத்தில்தான் ஜீப்பை நிறுத்துவார். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, உள்ளே பைப்பைப் பிடித்தால் செதிலும் சேறும் உப்பும் தானாக இறங்கிப் போகும். எத்தனையோ வருஷமாகச் செய்த வேலை. அவரைக் கேட்காமலே கை செய்துவிட்டது. இங்கே தண்ணீர் போக வழியில்லை. கம்பளம் குடித்தது, கம்பளத்துக்கு அடியில் இருந்த பஞ்சும் குடித்தது. முன்னால் இருந்த விளக்குகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கண் சிமிட்டின. கதவை எல்லாம் மூடின பிறகும் அந்தப் பொம்பளை விடாமல் சொன்னாள்: டோர் இஸ் ஓப்பன்.

"மூடித்தான கீது!" என்று அப்துல் கனி கெஞ்சினார். அவள் கேட்கவில்லை.

பொன்னேரி தாண்டும்போது ரமீஸாவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. பின்னால், பிளாஸ்டிக் சுவருக்குள்ளிருந்து. கரக், கரக். நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. அவளுக்கு உடனே புரிந்துபோயிற்று. ஓடின நண்டு எங்கேயும் ஓடவில்லை. ஜாக்கிப் பொந்துக்குள் போயிருக்கிறது. அவளே மூடியைப் போட்டு அடைத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டு வாசலில் தமீம் நின்றுகொண்டிருந்தான். சிப்காட்டில் அந்த எட்வர்ட் லீவு, சீக்கிரமே திரும்பிவிட்டான். கதவைத் திறந்ததும் தண்ணீர் அவன் காலில் கொட்டியது.

"யாரு கழுவினது?"

"நான்தான்டா," என்றார் அப்துல் கனி. "பழக்கத்துல..."

"பழக்கத்துலயா? எருமையக் குளிப்பாட்ற பழக்கமா? மூளை கீதா உனக்கு? புது வண்டிடா! உள்ள கரண்டு ஒயரு, கம்ப்யூட்டரு எல்லாம் கீதுடா! மண்ட புல்லா நண்டுச் சேறுதானா?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணனை அழைக்கும் காக்கா என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. கூடப் பிறந்த அண்ணனை டா போட்டுப் பேசினான். அப்துல் கனி கையில் பிடித்த செருப்போடு நின்றார். வண்டிக்குள் செருப்பு போடக்கூடாது என்று கழற்றியது.

"அவர ஏன் பேசுற? எடுக்கச் சொன்னது நான்," என்றாள் ரமீஸா.

"தெரியும். நீதான். ஒனுக்கு நாத்தத்துலயே இருந்து மூக்கு செத்துப் போச்சு. ஒன் பக்கத்துல நின்னா தெரியும், ஊட்டுக்கு வந்த சொந்தக்காரங்க ஏன் வாசல்லயே உக்காந்துட்டுப் போறாங்கன்னு. ஹஸ்னாவக் கேளு. நீ பொழங்குன பாத்திரத்த ரெண்டு தபா கழுவித்தான் அவ எடுக்குறா."

ரமீஸா ஹஸ்னாவைப் பார்த்தாள். ஹஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

தெரு அமைதியாக இருந்த அந்த ஒரு நொடியில், பிளாஸ்டிக் சுவருக்குள் கரக் என்றது. ரமீஸாவுக்கு மட்டும்தான் கேட்டது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சரிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த இரண்டு நாள் கதவையெல்லாம் திறந்துவைத்து வெயிலில் காயப்போட்டான் தமீம். சத்தம் நின்றது. பிறகு நாற்றம் வந்தது. முதலில் ஈரத் துணி நாற்றம் மாதிரி. அதற்கப்புறம் அதற்குப் பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சாம்பிராணி போட்டான். எலுமிச்சம்பழத்தை அறுத்து எல்லாப் பள்ளத்திலும் வைத்தான். அத்தர் தெளித்தான். மீஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். சீட்டைத் துடைத்து, கம்பளத்துக்கு நுரை போட்டு, "நனைஞ்ச பஞ்சு சார், காஞ்சா போயிடும்," என்று அனுப்பிவிட்டார்கள். ஏசி போட்டால்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கலாம் என்றால், தண்ணீர் குடித்த பட்டன் ஒரு நாள் கேட்டது, ஒரு நாள் கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும் அண்ணனைத்தான் திட்டினான். சோற்றுக்கு உட்காரும்போதும் திட்டினான், தொழுகைக்குக் கிளம்பும்போதும் திட்டினான். அப்துல் கனி ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "என் தப்புதான. நான்தான கழுவினேன்," என்று ரமீஸாவிடம் மெல்லச் சொன்னார். அவள் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதைவிட வேறெதுவும் கொடுக்கவில்லை.

கங்கம்மாவிடம் போய், "இந்த வாரம் தடாக்காரனுக்கு குடு. அடுத்த வாரம் நான் வண்டியோட வரேன்," என்றாள்.

"எந்த வண்டி?"

"அதே வண்டி."

"ஒன் கொழுந்தன் குடுத்துருவானா?"

"குடுப்பான்."

ஞாயிற்றுக்கிழமை எட்வர்ட் வந்தார், மனைவி மெர்சியோடு. ஏரியில் படகில் போய்ப் பறவை பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. படகுத்துறைவரை இந்த வண்டியிலேயே கூட்டிப்போய்க் காட்டினால் வேலை முடிந்தது என்று தமீம் கணக்குப் போட்டிருந்தான். விடியற்காலையிலேயே மல்லிகைச் சரம் மாற்றினான். அத்தர் குப்பியைக் காலி செய்தான்.

ரமீஸா வாசலில் நாஷ்டா பாத்திரம் கழுவுகிற சாக்கில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல உயரமா இருக்குதே," என்றார் எட்வர்ட். "பழைய ஜீப்ல எங்க அப்பா கூட போனா இடுப்பு ஒரு வாரம் பேசாது."

"இது மெத்த மாதிரி சார். படுத்துனே போலாம். ஏறுங்க மேடம்."

மெர்சி நடுசீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தமீம் கதவை மூடினான். எட்வர்ட் முன்னால் ஏறினார். டோர் இஸ் ஓப்பன் என்றாள் வண்டிப் பொம்பளை.

"திறந்திருக்காம்," என்றார் எட்வர்ட்.

"இல்ல சார், அவ சும்மா சொல்லுவா. ஏசி போட்றேன்."

போட்டான். வண்டி தெருமுனைவரை போயிருக்கும். நின்றது. கதவு திறந்தது. மெர்சி சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு குதித்து, வேலி ஓரம் போய்க் குனிந்தாள்.

"இன்னாங்க இது, உள்ள பொணம் கிணம் வச்சிருக்காரா?" என்றாள், மூச்சு வந்ததும். "ஏசிலேர்ந்து வருதுங்க! மூஞ்சிக்கு நேரா வருது!"

"மேடம், அது லேசா ஈரம்..."

"ஈரமா? மீன் மார்க்கெட்ல குப்பத் தொட்டிக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்குது. எட்வர்ட், இதுல உங்க எம்.டி.ய ஏத்துனீங்கன்னா அடுத்த நாள் வேலைக்கு நீங்க போக வேணாம்."

எட்வர்ட் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தமீம் பாய், வண்டி கம்பெனிக்கு வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஆட்டோ கிடைக்குமா இங்க?"

பாத்திரம் கழுவி முடிந்திருந்தது. ரமீஸா கழுவினதையே இரண்டாம் தரமும் கழுவினாள்.

பழைய வண்டி வாங்கி விற்கிற பொன்னேரி புரோக்கர் ஒருவனிடமும் தமீம் போனான். அவன் கதவைத் திறந்தான், மூடினான், டீ குடிக்கப் போய்விட்டான். அன்று சாயங்காலம் தமீம் சமையலறை வாசலில் வந்து நின்றான். உள்ளே அப்துல் கனி ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வச்ச வண்டில?"

ரமீஸா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "நான் இன்னா வச்சேன்?"

"வெறும் தண்ணிக்கு இந்த நாத்தம் வராது. நான் மீன் யாவாரி ஊட்ல பொறந்தவன். எனக்கு மூக்கு சாகல. நண்டு நாத்தம் இது. எங்க வச்ச?"

"வைக்கல. அதுவா போச்சு. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

முக்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"சொல்லு."

"சாவியக் குடு. பைனான்ஸ்காரன்கிட்ட போயி வண்டிய என் பேருக்கு மாத்து. டியூவ நான் கட்டிக்கிறேன். புக்குல என் பேரு வந்தப்புறம் சொல்றேன்."

"உங்க வாப்பா குடுத்த ஓட்ட ஜீப்புக்கு இந்த வண்டியா?"

"அந்த ஓட்ட ஜீப்பத் திருப்பிக் குடு. இத்த நீயே வச்சிக்க."

அவன் சுவரில் கையை ஓங்கிக் குத்தினான். வலித்திருக்கும். "நீ ஒரு பொம்பளையா?"

"மூக்கு செத்த பொம்பள."

ஏலம் போடக்கூட ஆளில்லாத வண்டியை எத்தனை நாள் மரத்தடியில் வைத்துத் துடைப்பது? சீட்டுகளுக்கு அடியெல்லாம் கிளறிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாமல், தமீம் கையெழுத்துப் போட்டான். கடைசிக் காகிதம் வந்த அன்று காலை, கவரைப்பேட்டை மெக்கானிக் ஜெயராஜைக் கூப்பிட்டு வந்தாள் ரமீஸா. தமீமும் வந்து நின்றான். வராமல் இருக்க அவனால் முடியவில்லை.

"அந்த மூடிய எடுங்க ஜெயராஜ்," என்றாள்.

ஜெயராஜ் விரல் நுனியால் நெம்பினான். பிளாஸ்டிக் மூடி சட்டென்று வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே கையை விட்டு, ஜாக்கிக்கு அடியிலிருந்து அதை வெளியே எடுத்துப் போட்டான். ஓடு மட்டும் பச்சை மாறாமல் இருந்தது. கொடுக்கு ஒன்று திறந்தபடியே நின்றது.

தமீம் மூடியைப் பார்த்தான், நண்டைப் பார்த்தான். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"ஒரு வாளி தண்ணி, ஒரு சோப்புக் கட்டி. அன்னிக்கே சொல்லியிருந்தா எம் பொழப்பு போயிருக்காது."

"அன்னிக்கு நீ வேற பேசினு இருந்த."

"நீ நாசமாப் போவ."

"உன் வண்டிலயே போவேன். இல்ல, என் வண்டில."

அவன் காறித் துப்பிவிட்டு நடந்தான். அதற்கப்புறம் அவன் அவளை மச்சி என்றும் கூப்பிடவில்லை, வேறெதுவாகவும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு நடுவில் அந்த மாதமே சுவர் எழும்பியது.

ரமீஸா அதற்கெல்லாம் தயாராக இருந்தாள். தயாராக இல்லாதது ஒன்றுதான். அப்துல் கனி குனிந்து அந்தக் கொடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அன்னிக்கு வாசல்ல அவன் என்னைய டா போட்டுப் பேசும்போதே உனக்குத் தெரியுமா?"

ரமீஸா ஜெயராஜிடம் திரும்பினாள். "கம்பளத்தையெல்லாம் உரிச்சிப் போடுங்க. பின்னாடி சீட்டுங்களும் வேணாம்."

"தெனமும் என் தப்புன்னு சொல்லினு உக்காந்திருந்தனே. சாப்பிடக்கூட முடியாம. அப்பவுமா தெரியும்?"

"தெரியும்," என்றாள்.



கம்பளமும் ஊறிப்போன பஞ்சும் உரிந்து வந்தபோது அடியில் வெறும் இரும்புத் தரை இருந்தது. அதில் அங்கங்கே வட்டமாக ரப்பர் அடைப்புகள். ஜெயராஜ் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். "தண்ணி போறதுக்கு கம்பெனிக்காரனே ஓட்டை வச்சிருக்கான் பாரு பாயம்மா. வச்சிட்டு, மேல மெத்தையப் போட்டு மூடிட்டான்." அப்துல் கனி அந்த ஓட்டையை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

அடுத்த நாள் காலையில் குப்பத்துக்குக் கிளம்பினார்கள். மணல் தொடங்கும் இடத்தில், தார் ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னாள் ரமீஸா. கங்கம்மாவும் மற்ற பெண்களும் நண்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மணலைக் கடந்து வந்தார்கள். வரும்போதே வசவும் வந்தது.

"இம்மாம் பெரிய வண்டிய வச்சினு எங்கள நடக்க விட்றியே பாயம்மா! தடாக்காரன் வாசலுக்கு வந்தான்."

"அவன் எடையில அடிச்சான்னு நீதான சொன்ன?"

"அடிச்சான்தான். அதுக்கு? கழுத்து வலிக்காதா எனுக்கு? எடையில நீ கொஞ்சம் பாத்துப் போடு."

"பாக்குறேன், ஏத்து."

வெறும் இரும்பின் மேல் பெட்டிகள் நங்கென்று உட்கார்ந்தன. ரமீஸா முன்னால் ஏறி உட்கார்ந்து கதவை மூடினாள். வீட்டிலிருந்து இதுவரை அப்துல் கனி ஒரு வார்த்தை பேசவில்லை. நாஷ்டா வைத்தபோது பேசவில்லை, தண்ணீர் கொடுத்தபோது பேசவில்லை. பொன்னேரி வந்தது, போயிற்று. பஸ் ஸ்டாண்டில் அவருக்குத் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். தலையை மட்டும் ஆட்டினார்.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்குங்க," என்றாள் ரமீஸா.

பட்டனை அழுத்தினார். இறங்கவில்லை. விட்டுவிட்டார்.

"ராத்திரிக்கு இன்னா செய்யட்டும்? கருவாடு கீது."

ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

டோர் இஸ் ஓப்பன் என்றாள் வண்டிப் பொம்பளை.

"மூடித்தான்மா கீது," என்றார் அப்துல் கனி, அவளிடம், மெல்ல.